காலமறிதலும் இடுக்கணழியாமையும்: சேதுநாட்டுக் கிறித்தவத் தொண்டர் வாழ்வில்

காலத்தைப் பயன்கொள்ளலும் துன்பத்தைத் தாங்கலும் தனித்தனி அறங்களாகவே பெரும்பாலும் பேசப்படுகின்றன. முன்னது வினையாற்றுவார்க்கு உரியது என்றும், பின்னது வினை முறிந்தார்க்கு ஆறுதலாவது என்றும் கருதுவாரும் உளர். இக்கருத்துப் பொருந்துமா என்பதை, சேதுநாட்டுக் கடற்கரையிலும் அதனை அடுத்த ஊர்களிலும் தொண்டாற்றிய கிறித்தவத் துறவியர் மூவர் வரலாறு கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் பொருளும்

வள்ளுவர் காலமறிதலை 49ஆம் அதிகாரமாகவும் இடுக்கணழியாமையை 63ஆம் அதிகாரமாகவும் அமைத்தார். இரண்டும் பொருட்பாலில் அரசியல் என்னும் ஒரே பகுதியைச் சார்ந்தவை; இடுக்கணழியாமையே அப்பகுதியின் இறுதி அதிகாரம். காலம் என்பதை அவர் நாழிகைக் கணக்காகக் கொண்டிலர். செயலுக்கு வாய்த்த பருவமாகவே கொண்டார். ஆதலின் விரைதல் மட்டுமன்றிக் காத்திருத்தலும் அவர்பால் காலமறிதல் ஆயிற்று. அவர் காட்டும் கொக்கின் உவமை இவ்விரண்டையும் ஒருங்கே விளக்குவதாகும்.

விவிலியத்திலும் இதனோடு ஒப்பிடத்தக்க கருத்து உண்டு. பவுலடிகள் பெயரால் எபேசியர்க்கு எழுதப்பெற்ற மடலின் 5ஆம் அதிகாரம் காலத்தைப் பயன்கொள்ளுமாறு அறிவுறுத்துகின்றது. அங்கு ஆளப்பட்ட கிரேக்கச் சொல், ஓடும் காலத்தைக் குறிக்கும் ‘குரோனோஸ்’ அன்று. தக்க பருவத்தைக் குறிக்கும் ‘கைரோஸ்’ ஆகும். அதனோடு இயைந்த வினைச்சொல் விலை கொடுத்து மீட்டலைக் குறிப்பது. அங்காடி வழக்கினின்று பிறந்தது. எனவே தக்க பருவம் விலையின்றிக் கைவருவதன்று என்பது பெறப்படும். அம்மடலில் பேசுபவர் தம்மைக் கட்டுண்டவர் என்றே குறிக்கின்றார் என்பதும் நினைக்கத்தக்கது. காலத்தின் அருமையை ஒரு சிறையாளர் வாய்மொழியாகக் கேட்கின்றோம்.

2. வேதாளை

மண்டபத்தை அடுத்துள்ள வேதாளை, முத்துக்குளித்துறையின் வரலாற்றில் இடம்பெற்ற ஊர். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகரைப் போர்ச்சுக்கீசியர் அங்குத் தடுத்து வரி பெற்றமையே பகைக்கு வித்தாயிற்று என்பர். 1549ஆம் ஆண்டில் வடுகர் படை அவ்வூரைத் தாக்கியது. அப்போது அக்கரைத் தொண்டின் தலைவராய் இருந்தவர் இத்தாலியரான அந்தோனியோ கிரிமினாலி. ஊர் மக்கள் கடலிலிருந்த படகுகளை நோக்கி ஓடினர். படகேறித் தப்ப அவருக்கும் வழியிருந்தது. எனினும் பெண்டிரும் சிறுவரும் தப்புதற்காகக் கரையிலேயே நின்று உயிர் துறந்தார். இயேசு சபையினருள் முதன்முதல் இவ்வாறு உயிர்நீத்தவர் இவரே. பகைக்குக் காரணமான செயலில் அவர்க்குப் பங்கு இல்லை. அதன் விலையை மட்டும் அவர் கொடுத்தார்.

அவருக்குப்பின் தலைமை ஏற்றவர் அன்றீக்கு அன்றீக்கசு அடிகளார். 1547இல் இக்கரைக்கு வந்த இவர், 1600இல் இறக்கும்வரை இங்கேயே தங்கினார். தோழர் இறந்த துயரும் கரையின் அமைதியின்மையும் அவரது தமிழ்க் கல்வியை நிறுத்தவில்லை. தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சாகிய ‘தம்பிரான் வணக்கம்’, இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சிடப்பெற்று இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் முற்பட்டது. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறு நூலுக்குப்பின் முப்பது ஆண்டு உழைப்பு நிற்கின்றது. 1586இல் ‘அடியார் வரலாறு’ வெளிவந்தது.

ஒருவர்க்கு வாய்த்தது ஒரு நாழிகை; மற்றவர்க்கு வாய்த்தது அரை நூற்றாண்டு. இருவரும் தத்தமக்கு வாய்த்த காலத்தை வீணாக்கிலர். காலத்தின் நீளம் அதன் பயனுக்கு அளவாகாது என்பது இதனால் போதரும்.

3. ஓரியூர்

இவ்விரு நிலைகளையும் ஒருவர் வாழ்விலேயே காணவேண்டின் அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோவின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1647இல் இலிசுபனில் பிறந்து, அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராய் வளர்ந்த இவர், 1673இல் இந்தியா வந்தார். மதுரைத் தொண்டில் சேர்ந்து, பண்டாரசாமிகளின் கோலம் பூண்டு, புலால் நீக்கி வாழ்ந்தார். 1686இல் மறவர் நாட்டில் மங்கலம் என்னுமிடத்தில் பிடிபட்டு வதையுண்டு, இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதியின்முன் நிறுத்தப்பட்டார். அந்நாட்டில் சமயம் போதித்தல் கூடாது என்ற ஆணையோடு விடுதலை பெற்றார்.

அடுத்த ஆண்டு சபையின் பணிமேல் ஐரோப்பா சென்றார். அன்று அரசராய் இருந்தவர் அவருடைய பழைய தோழரே. அவர் தம் நாட்டில் தங்குமாறு வேண்டியும் அடிகளார் இசைந்திலர். 1690இல் கோவாவை அடைந்து, பின்னர் மீண்டும் மறவர் நாடு புகுந்தார்.

அரச மரபோடு உறவுடைய தடியத்தேவர் 1693 சனவரியில் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டாருள் ஒருவர் சேதுபதியின் உறவினரான கடலை என்னும் அம்மையார். அவர் முறையீட்டின்பேரில் சனவரி 8இல் அடிகளார் பிடிக்கப்பட்டார். அவ்வம்மையாரின் துயரும், உறவினர் மதம் மாறின் அரசுரிமைக்கு ஊறு நேருமோ என்று சேதுபதி கொண்டிருக்கக்கூடிய அச்சமும் இவ்வரலாற்றின் கூறுகளே. அவற்றை மறைத்துக் கூறுவது ஆராய்ச்சியாகாது.

ஓரியூர்ச் சிறையில், இறப்பதற்கு முந்திய நாளாகிய பிப்பிரவரி 3இல், மையின்றிக் கரிகொண்டு தம் தலைவர்க்கு மடல் எழுதினார். நிகழ்ந்தவற்றை முறையாகத் தெரிவித்துத் தம் உளநிலையையும் அதில் உரைத்தார். மறுநாள் தலை வெட்டுண்டு இறந்தார். 1947இல் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது.

4. ஒரு தடையும் விடையும்

இலிசுபனில் தங்கியிருப்பின், அன்றி வேறு நாட்டில் பணியாற்றியிருப்பின், அவர் மேலும் பல்லாண்டு தொண்டு செய்திருக்கலாமே, ஆணையை அறிந்தும் மீண்டது காலமறியாமை அன்றோ என வினவலாம். இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சாவையே நாடினார் எனின், 1686இல் கிடைத்த விடுதலையை ஏற்று, கடல் கடந்து சென்று பணியாற்றியது பொருந்தாது. வாழ வேண்டிய போழ்து வாழ்ந்தார். தம்மை நம்பிய மக்கள் இடரில் இருக்கத் தாம் மட்டும் நலமாய் இருத்தல் இயலாது எனக் கண்டபோது மீண்டார். அரசியலார் காலமறிதல் வெற்றியை எல்லையாக உடையது. இவர் காலமறிதல் கடமையை எல்லையாக உடையது. இறப்போடு வாழ்வு முடிவதில்லை என்னும் நம்பிக்கையே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். அந்நம்பிக்கை இல்லாதாரும் அதன் பயனை மறுத்தல் அரிது: அது அவரைச் செயலற்றவராக்கவில்லை, சிறையின் இறுதி நாளிலும் எழுத வைத்தது.

ஆதலின் இடுக்கணழியாமை என்பது காலமறிதல் தோற்றவிடத்துத் தோன்றும் ஆறுதல் அன்று. இடுக்கண் உற்ற காலமும் பயன்கொள்ளத்தக்க காலமே என்னும் தெளிவு ஆகும். வேதாளைக் கரையும் கொல்லத்து அச்சகமும் ஓரியூர்ச் சிறையும் நமக்கு உணர்த்துவது இதுவே.