மாதிரி டாங்கிகளுக்கு உரிய வர்ணம்

பெரிய பொருள்களைச் சிற்றுருவாக அமைத்துக் கண்டு மகிழ்தல் மக்களுக்கு இயல்பாய் அமைந்ததொரு விருப்பமாகும். நவராத்திரி நெருங்குங்கால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியிற் பரப்பி வைக்கப்படும் கொலுப் பொம்மைகளே இதற்குப் போதிய சான்று. அப்பொம்மைகளுக்கு மஞ்சளும் சிவப்பும் பச்சையும் கண்ணைப் பறிக்குமாறு பூசப்படுகின்றன. அங்கே நோக்கம் அழகும் பக்தியும் ஆதலின் அது முற்றிலும் தகும். ஆனால், யுத்த டாங்கி ஒன்றை 35இல் ஒரு பங்கு அளவாகப் பிளாஸ்டிக்கினால் ஒட்டி அமைக்கும் மாணவனுடைய நோக்கம் வேறு. இன்ன போரில், இன்ன ஆண்டில், இன்ன மண்ணில் நின்ற டாங்கி இவ்வாறு இருந்தது என்று அவன் சொல்ல விரும்புகிறான். எனவே அவன் பூசும் வர்ணம் ஒருவகைச் சாட்சியம் ஆகின்றது. சாட்சி பொய்த்தால் சரித்திரமும் பொய்க்கும். அவ்வர்ணத்தைத் தேர்ந்துகொள்ளும் முறை யாது என்பதை இவ்வியாசத்தில் சுருங்க ஆராய்வோம்.

முதலாவது, டாங்கியின் நிறம் ஒன்று என்று எண்ணுதல் பெரும் பிழை. ஒரே வகை டாங்கி ஆண்டுக்கு ஆண்டு நிறம் மாறியதுண்டு. ஜெர்மானியர் 1939ஆம் ஆண்டு போலந்தின்மேற் படையெடுத்தபோது அவர்தம் டாங்கிகள் கருஞ்சாம்பல் நிறத்தின்மேற் கரும்பழுப்புத் திட்டுகள் தீட்டப்பெற்றிருந்தன. 1940ஆம் ஆண்டின் நடுவில் சாம்பல் ஒன்றே போதுமென்று உத்தரவாயிற்று. 1943 பிப்ரவரியில் மஞ்சள் சார்ந்த நிறம் அடிப்படையாக விதிக்கப்பட்டு, அதன்மேற் பச்சையும் செம்பழுப்பும் படைவீரர்களாலேயே இடத்திற்கேற்பத் தெளிக்கப்பட்டன. ஆதலின், "இந்த டாங்கிக்கு என்ன வர்ணம்?" என்று வினவுதல் பயனற்றது. எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த நிலம் என்று வினவுதலே முறை.

இரண்டாவது, கிடைக்கும் சான்றுகளைத் தரம் பிரித்துக் கொள்ளல் வேண்டும். கறுப்பு வெள்ளைப் படங்கள் ஏராளமாக உள்ளன; ஆயினும் அவை வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வைக் காட்டுமேயன்றி நிறத்தைக் காட்டா. மேற்கூறிய சாம்பலும் கரும்பழுப்பும் ஏறக்குறைய ஒரே கருமை உடையன. அதனால் அப்படங்களில் இரண்டும் ஒன்றாய்க் கலந்து தோன்றின. பன்னெடுங்காலம் மாதிரி செய்வோர் போலந்துப் போர் டாங்கிகளைத் தனிச் சாம்பலாகவே பூசி வந்ததற்கு இதுவே காரணம். பிற்காலத்தில் பழைய உத்தரவுகளை ஆராய்ந்த பின்னரே உண்மை பரவலாயிற்று. மேலும், பழைய பிலிம்களில் ஒருவகை சிவப்பொளியை உணரும் திறமற்றது. அதிற் சிவப்பு நிறம் கறுப்பாய் விழும். பிலிமின் வகை அறியாது படத்தைக் கொண்டு நிறம் துணிதல் இருட்டில் கருப்புப் பூனையைத் தேடுவது போலாகும்.

காட்சிச் சாலையில் நிற்கும் மெய்யான டாங்கியை நேரிற் கண்டாற் போதாதோ எனின், அதுவும் முழுச் சான்றன்று. வெயிலிலும் மழையிலும் நிற்கும் இரும்பு துருப்பிடியாதிருக்கும்பொருட்டுப் பன்முறை மறுபடியும் பூசப்படுகின்றது. பூசுவோர் கைக்குக் கிடைத்த வர்ணமே அதன் மேனியில் ஏறுகின்றது. இதற்கு நம் நாட்டாரோடு தொடர்புடைய ஓர் உதாரணம் உண்டு. 1940 டிசம்பரில் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் சிதி பரானிப் போரில் நாலாவது இந்திய டிவிஷனுக்குத் துணையாக மட்டில்டா என்னும் பிரிட்டிஷ் டாங்கிகள் சென்றன. அக்காலத்து அப்பாலைவனத்து டாங்கிகளுக்கு மூன்று நிறங்களை நேர்கோட்டுத் துண்டங்களாகப் பூசும் முறை விதிக்கப்பட்டிருந்தது. மூன்றில் ஒன்றின் பெயர் வெள்ளிச் சாம்பல். மெய்யாக அது பசுமை கலந்த வெளிறிய சாம்பல். போருக்குப் பின் மறுபடியும் பூசப்பட்ட சில காட்சி டாங்கிகளில் அது வான் நீலமாக மாறிற்று. அதைப் பார்த்து நூல்களும், நூல்களைப் பார்த்து மாதிரிகளும் நீலமாயின. பலரும் ஒன்றைச் சொல்வதனால் அது மெய்யாகிவிடாது. பலரும் ஒருவரையே பார்த்து எழுதியிருத்தல் கூடும்.

ஆதலின் உத்தரவுகளும் வர்ண அட்டைகளும் முதற்சான்று. ஆணிகளின் அடியிலும் மூடிகளின் உட்புறத்திலும் மறுபூச்சுப் படாது எஞ்சிய பழம்பூச்சு அதற்கடுத்தது. வர்ணப் படங்கள் சாயம் வெளிறுவன ஆதலின் எச்சரிக்கையோடு கொள்ளத்தக்கன. காட்சிச் சாலை மேற்பூச்சு இறுதியில் நிற்பது.

மூன்றாவது, சரியான நிறம் அறிந்த பின்னரும் அதனை அவ்வாறே பூசினால் மாதிரி மெய்யாகத் தோன்றாது. நண்பகல் நேர்வெயிலின் ஒளி ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். விளக்கிட்ட அறையில் சில நூறு லக்ஸே உண்டு. வெயிலில் நின்ற பெரிய டாங்கியின் நிறத்தை மேசைமேல் இருக்கும் சிற்றுருவிற்கு அப்படியே ஏற்றினால் அது கறுத்துக் காணும். தூரமும் இதற்குத் துணை செய்கின்றது. 35இல் ஒரு பங்கு மாதிரியை 30 சென்டிமீட்டர் அகல நின்று பார்ப்பது, மெய்யான டாங்கியைப் பத்தரை மீட்டர் தொலைவினின்று பார்ப்பதற்குச் சமம். 72இல் ஒரு பங்காயின் ஏறக்குறைய இருபத்தொன்றரை மீட்டர். கபாலீசுவரர் கோயில் கோபுரத்தின் வர்ணங்கள் சந்நிதியினின்று நோக்குங்கால் அழுத்தமாகவும், தொலைவிலுள்ள மாடி ஒன்றினின்று நோக்குங்கால் மெலிந்தும் தோன்றுதலை யாவரும் அறிவர். எனவே வர்ணத்தைச் சிறிது வெளிறச் செய்தல் வேண்டும். மாதிரி சிறிதாகுந்தோறும் வெளிறலும் மிகும். ஆனால் வெள்ளையை மாத்திரம் கலந்தால் பச்சை சுண்ணாம்பு படிந்தாற்போலாகும். மணல் நிறமோ இளமஞ்சளோ கலத்தலே நன்று. இவ்வாறே தனிக் கறுப்பும் தனி வெள்ளையும் விலக்கத்தக்கன. சக்கரத்து ரப்பருக்குக் கருஞ்சாம்பலே பொருந்தும்.

வர்ணத்தை எவ்வெளிச்சத்தில் தேர்வது என்பதும் முக்கியம். தியாகராய நகர்ப் பட்டுக் கடைகளில் புடைவை வாங்கும் நம் தாய்மார் அதனை வாயிற்படிக்குக் கொணர்ந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பின்னரே விலை பேசுவர். விளக்கின்கீழ் ஒத்துத் தோன்றும் இரு பச்சைகள் பகலில் வேறுபடுதல் கூடும் என்னும் ஒளி நூல் உண்மை அவர்தம் அனுபவத்தில் அடங்கியிருக்கின்றது. மாதிரி செய்வோரும் ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கின்மேற் பூசி, உலரவிட்டு, நிழலான பகல் வெளிச்சத்திற் பார்த்தே முடிவு செய்க. உலருமுன் காணும் நிறம் உலர்ந்த பின் நில்லாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஈரக்காற்று மிக்க நாளில் லாக்கர் வகையைத் தெளித்தால் மேற்பரப்பு வெண்மையாய்ப் பூத்துவிடும். அந்நாட்களில் பொறுத்திருத்தலே நலம்.

இறுதியாக, புழுதி. ஓடும் டாங்கி தன் நிறத்தோடு தான் ஓடிய நிலத்தின் நிறத்தையும் பூண்டிருக்கும். 1965 செப்டம்பரில் அசல் உத்தரில் பாட்டன் டாங்கிகள் வீழ்ந்தது பஞ்சாபின் வண்டல் நிலத்தில். அங்கே நம் தமிழ்நாட்டுச் செம்மண் நிறத்தைத் தூவினால் போர்க்களமே இடம் மாறிவிடும். சங்கிலிப் பட்டையை வெள்ளி நிறமாகப் பூசுதலும் தவறு. மண்ணில் உராயும் விளிம்புகள் மாத்திரமே பளபளக்கும். ஏனைய பகுதி துருவும் புழுதியும் கலந்த பழுப்பாகவே இருக்கும்.

இவ்வளவும் பிற நாட்டு டாங்கிகளுக்கு ஆராய்ந்து வைத்தார் பலர். நம் நகருக்கு மேற்கே ஆவடியில் பிறந்த டாங்கிக்கோ அத்தகைய ஆராய்ச்சி மிகக் குறைவு. விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக 1965 முதல் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா வெளிவந்தது. 105 மில்லிமீட்டர் பீரங்கி தாங்கிப் பல்லாண்டு நம் சேனைக்கு உழைத்து ஓய்வு பெற்ற டாங்கி அது. விஜயந்தாவின் சிற்றுருவைச் செய்யப் புகும் மாணவன், வெளிநாட்டுக் குப்பியின்மேல் ஒட்டிய ஒரு 'ஆலிவ் பச்சை'ச் சீட்டை நம்பி அமைதல் வேண்டா. நம் நாட்டிலும் 'ஐ. எஸ். 5' என்னும் தரநிர்ணயத்தில் வர்ணங்கள் எண்ணிட்டு வரையறுக்கப்பட்டுள்ளன. ஆலிவ் பச்சைக்கு எண் 220. ஒப்பு நோக்குதற்கு அவ்வட்டை பயன்படும். அதனினும் சிறந்த சான்று, அந்த டாங்கிகளைக் கட்டியும் பூசியும் ஓட்டியும் முதுமை எய்திய பெரியோரே. நம் மாணவர் சிலருடைய பாட்டனாரும் பெரியப்பாவும் அவருள் இருத்தல் கூடும்.

அவர்களிடம் சென்று, எப்பச்சை, எத்தனை பூச்சு, பாலைவனத்திற்கு அனுப்பும்போது யாது மாற்றம் என்று கேட்டு, கேட்டதை நாளும் இடமும் குறித்து எழுதி வைத்தல் வேண்டும். வர்ணக் குப்பி எந்நாளும் கடையிற் கிடைக்கும். அச்சாட்சிகள் எந்நாளும் கிடைப்பாரல்லர்.