கேரவனின் பந்தல் காடி

பிரிட்டனில் விடுமுறைக் காலங்களில் மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லப்படும் சிறு வீட்டைக் கேரவன் என்பர். 1885ஆம் ஆண்டில் மருத்துவரும் எழுத்தாளருமான கோர்டன் ஸ்டேபிள்ஸ், குதிரைகள் பூட்டிய ‘வாண்டரர்’ என்னும் வண்டியில் ஊர் சுற்றப் புறப்பட்டார். இன்பச் செலவுக்கென்றே கேரவன் கட்டும் வழக்கம் அதிலிருந்து தொடங்கியது என்பர். 1907இல் இதற்கென ஒரு சங்கமும் அமைந்தது.

கேரவன் தங்குமிடம் சேர்ந்ததும் அதன் வாயிற்புறத்தில் துணிப்பந்தல் அமைப்பர். பந்தலை வண்டியோடு இணைப்பது ஓர் அலுமினியக் காடியாகும். அது பக்கச்சுவரின் முன்னோரத்தில் மேலேறி, கூரையோரமாகச் சென்று, பின்னோரத்தில் கீழிறங்கும். பந்தல் துணியின் விளிம்பில் வைத்துத் தைத்த கயிற்றைக் காடியின் ஒரு முனையில் நுழைத்து இழுத்துச் செல்வர். காடியின் வாய் கயிற்றைவிடக் குறுகியதாதலின், துணி வெளியே நழுவாது.

இக்காடிக்கு வேறொரு கடமையும் உண்டு. பழைய முறைக் கேரவன்கள் மரச்சட்டத்தின்மேல் மெல்லிய அலுமினியத் தகடு போர்த்திச் செய்யப்பட்டவை. சுவரும் கூரையும் கூடும் மூட்டின்மேல் காடி அமர்ந்து, திருகாணிகளால் மரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். ஆகவே, ஒவ்வோர் ஆணித்துளையும் மழைநீர் புகக்கூடிய வாயிலாகும். அதை அடைத்து நிற்பது காடியின் அடியில் உள்ள மாஸ்டிக் பசையே. ஆண்டுகள் செல்லச் செல்லப் பசை உலர்ந்து வெடிக்கும். இரும்புத் திருகாணி துருப்பிடிக்கும். நீர் உட்புகுந்து மரத்தை உளுத்துப்போகச் செய்யும். உட்சுவரோ நெடுநாள் வரை நலமாகவே தோன்றும். பூஞ்சை நாற்றம், கறை, விரலால் அழுத்தினால் அமுங்கும் மூலை ஆகியவை பிந்தி வரும் அடையாளங்கள். ஈரமானியில் அளவு 20 விழுக்காட்டைக் கடந்தால் ஆராய்தல் வேண்டும்.

பழுது பார்க்குங்கால், காடியின் மேலுள்ள பிளாஸ்டிக் மூடுபட்டையை அகற்றித் திருகாணிகளைக் கழற்ற வேண்டும். நீண்ட காடி வளையாதிருக்க இருவர் பிடித்தல் நலம். பழைய பசையைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டிக் கரைப்பானால் துடைத்தல் வேண்டும்; இரும்புக் கருவி தகட்டைக் கீறிவிடும். உளுத்த மரத்தை மாற்றி, நனைந்த மரத்தை நன்கு உலரவிட வேண்டும். ஈரத்தின்மேல் புதுப்பசை இட்டால் நீர் உள்ளேயே சிறைப்படும். பின்னர் இறுகிப்போகாத பியூட்டைல் பசைப்பட்டையை ஒட்டிக் காடியைப் பொருத்தி, துருவேறா எஃகுத் திருகாணிகளைச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஓரத்தில் பிதுங்கும் பசையை நறுக்கிவிடலாம். சிலிக்கோன் பசை இவ்விடத்துக்கு ஏற்றதன்று. அதன் எச்சத்தின்மேல் வேறு பசை எளிதில் பற்றாது.

ஆண்டுதோறும் காடியின் உட்புறத்தைத் தூரிகையால் தூய்மை செய்து, சிறிது மெழுகு தடவினால் கயிறு தடையின்றி ஓடும். அப்பொழுதே ஓரப்பசையையும் ஆணிகளையும் பார்த்துவிடலாம். ஒருநாள் செலவிட்டுப் பசையை மாற்றாதவர், பின்னர் சுவர் முழுவதையும் பிரித்துக் கட்ட நேரிடும்.