மின்கலமும் வெப்பமும்

தில்லிக் கிட்வாய் நகரில் பழைய அரசாங்கக் குடியிருப்புகள் நின்ற இடத்தில் இன்று அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. இல்லங்கள் மாறினும், மாலையில் சுவரிலுள்ள ஸாக்கெட்டுக்கு நடக்கும் போட்டி மாறவில்லை. கைப்பேசி, காதுக்கருவி, கைவிளக்கு எல்லாவற்றையும் ஒரே யூ.எஸ்.பி. ஹப்பில் செருகிவிட்டு நாம் உறங்கச் செல்கிறோம். இதில் ஆபத்து உண்டா?

மின்சிகரெட்டின் கதை இதற்கு விடை தரும். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை யாவற்றையும் தடுத்துவிட்டது, அது நன்றே. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2014-இல் அக்கருவியால் நேர்ந்ததாகச் செய்திகளில் வந்த 25 விபத்துக்களை ஆராய்ந்தது. அவற்றுள் 20 மின்னேற்றும் வேளையில் நிகழ்ந்தவை.

காரணம் எளிது. லித்தியம் அயனி மின்கலம் பொதுவாக 4.2 வோல்ட்டில் நிறைகிறது, சாதாரண யூ.எஸ்.பி. துளை தருவதோ 5 வோல்ட். இடையே நின்று, நிறைந்ததும் மின்னோட்டத்தை நிறுத்தும் காவலன் ஒரு சிறு மின்சுற்று. கைப்பேசியில் அது கருவிக்குள்ளேயே இருக்கிறது. சில மின்சிகரெட்டுகளிலோ உடன்வந்த மின்னேற்றியில்தான் இருந்தது. மின்னேற்றியை மாற்றியதும் காவலனும் அகன்றான்! மின்கலம் அளவு கடந்து ஏறிச் சூடாகும். உள்ளிருக்கும் கரைசலோ எளிதில் தீப்பற்றும் இயல்புடையது. மலிவுப் பொம்மைகளுக்கும் கைவிளக்குகளுக்கும் இது பொருந்தும். உடன்வந்த வடத்தை மாற்றாதிருத்தலே முதற்காப்பு.

ஹப் தானாக மின்சாரம் உண்டாக்குவதில்லை. யூ.எஸ்.பி. 2.0 விதிப்படி கணினியின் ஒரு துளை 500 மில்லி ஆம்பியர் தரும். அதனை நம்பிய ஹப் ஒவ்வொரு துளைக்கும் 100 மட்டுமே பகிரலாம். விடியும்வரை செருகியும் கைப்பேசி நிறையாதிருப்பதன் மர்மம் இதுவே. தனக்கென அடாப்டர் உள்ள ஹப்பே மேல். அந்த அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவுக்குறி உண்டா எனப் பார்த்து வாங்குக.

தலைநகர்வாசிகளுக்கு வேறொரு கவலையும் உண்டு. இவ்வகை மின்கலங்களை ஏற்றுவதற்கு வழக்கமாக விதிக்கப்படும் மேல் எல்லை 45 பாகை செல்சியஸ். மே, ஜூன் மாதங்களில் தில்லிக் காற்றே சில நாட்கள் அதனை எட்டிவிடுகிறது. ஆதலின் நண்பகலில், பால்கனியில் வைத்து மின்னேற்றலாகாது. குளிர்காலத்தில் ரஜாய்க்குள் கைப்பேசியைப் புதைத்து ஏற்றுவதும் அதற்கிணையான தவறே. உண்டாகும் சூடு வெளியேற வழியில்லை.

உப்பிய மின்கலத்தை மீண்டும் ஏற்றவே கூடாது. பழைய காகிதக் கட்டோடு கபாடிக்காரரிடம் தள்ளிவிடுவதும் தகாது. பயன்முடிந்த மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டு விதிகள் உற்பத்தியாளரிடமே ஒப்படைத்துள்ளன.