ஓட்டை உடைப்பது எது?

கராத்தே வீரர் வெறுங்கையால் கான்கிரீட் கட்டியைப் பிளக்கும்போது, அவர் கை கல்லாக இறுகிவிட்டது என்றோ, உள்ளே ஏதோ அபூர்வ சக்தி திரண்டுவிட்டது என்றோ பலர் நம்புகிறார்கள். இரண்டுக்கும் அவசியமே இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மைக்கேல் ஃபெல்ட், ரொனால்ட் மெக்நேர், ஸ்டீபன் வில்க் ஆகியோர் இந்த அடியை அளந்து, 1979-இல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதினார்கள். மெக்நேர் கறுப்புப் பட்டை பெற்றவர். பின்பு விண்வெளி வீரராகி, 1986-இல் சாலஞ்சர் விண்வெளி ஓட விபத்தில் உயிரிழந்தார். தேர்ந்த வீரரின் கை நொடிக்கு 10 முதல் 14 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. 3000 நியூட்டனுக்கு மேல் விசை தருகிறது. அதாவது, 300 கிலோ எடைக்கு இணையான விசை, நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் இறங்கிவிடுகிறது.

இந்த விசை மட்டுமே காரணம் என்றால் பாதிதான் சொன்னதாகும். இரு முனைகளில் தாங்கி வைத்த கட்டியின் நடுவில் அடி விழுந்ததும் அது நூலிழை அளவு வளைகிறது. மேற்பரப்பு நெருக்கப்படுகிறது, அடிப்பரப்பு இழுபடுகிறது. நெருக்கத்தைத் தாங்குவதில் வல்லது கான்கிரீட். இழுவிசையையோ அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். ஆகவே விரிசல் அடிவாங்கிய இடத்தில் தொடங்காமல், கீழ்ப்பக்கம் கிளம்பி மேலே ஓடுகிறது. மரப்பலகைக்கும் இப்படியொரு பலவீனம் உண்டு: மர ரேகையின் போக்கில் எளிதில் பிளக்கும், ரேகைக்குக் குறுக்கே எளிதில் முறியாது.

அப்படியானால் கை எலும்பு ஏன் முறிவதில்லை? இழுவிசையைத் தாங்குவதில் எலும்பு கான்கிரீட்டைவிடப் பல மடங்கு வலியது. போதாக்குறைக்கு, தோலும் தசையும் மூட்டுகளும் அதிர்ச்சியைப் பகிர்ந்துகொள்கின்றன. ‘இவ்வளவுதான் என்றால் எல்லோராலும் முடியுமே’ என்று கேட்கலாம். முடியாததற்குக் காரணம் வேகம். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகிவிடும். கை முழுதாக நீளும் முன்பே, சுமார் முக்கால் பங்கு நீட்சியில், வேகம் உச்சம் தொடுகிறது. முழுதாக நீண்டதும் ஓய்ந்துவிடுகிறது. பயிற்சியில்லாதவர் வலிக்கு அஞ்சிக் கடைசிக் கணத்தில் கையை இழுத்துக்கொள்கிறார். பலகைக்கு அப்பால் ஓர் இடத்தைக் குறிவைக்கச் சொல்லிப் பயிற்சியாளர்கள் கொடுக்கும் பாடம் இந்த இயற்பியலேதான்.

இடைவெளிக் கட்டை வைத்து அடுக்கிய ஓடுகளை உடைப்பது ஏமாற்று வேலை என்பார் உண்டு. இடைவெளி வேலையை எளிதாக்குவது உண்மை: ஓடுகள் ஒன்றாக எதிர்க்காமல் ஒவ்வொன்றாக விழுகின்றன. ஆனால் அந்த முதல் ஓட்டை உடைக்க உண்மையான வேகம் வேண்டும். உடையாவிட்டால் ஓடு உள்வாங்கியிருக்க வேண்டிய அதிர்ச்சி கைக்கே திரும்புகிறது. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் இருக்கும் குருத்தெலும்பு வளர்ச்சித் தட்டுகள் அதைத் தாங்கும் அளவுக்கு முற்றியிருப்பதில்லை. எனவே விழா மேடையில் கைதட்டலுக்காகச் சிறுவர்களை ஓடு உடைக்க வைப்பதைப் பயிற்சியாளர்களும் பெற்றோரும் கைவிட வேண்டும். வேகத்தையும் குறியையும் பையில் குத்திக் கற்றாலே போதும். எலும்பு முற்றும்வரை ஓடு காத்திருக்கலாம்.