கோணமும் அலகும்

வட்டத்தை 360 பாகைகளாகப் பகுத்தல் பண்டை வழக்கு. ஆரத்தின் அளவே நீளமுள்ள வில் மையத்தில் தாங்கும் கோணம் ஒரு ரேடியன் எனப்படும். 180 பாகை ஏறத்தாழ 3.1416 ரேடியன் ஆகும்.

பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியின் கணிதத் தொகுப்பிலுள்ள சைன், கொசைன் முதலிய சார்புகள் ரேடியனையே ஏற்பன. 30 பாகையின் சைன் மதிப்பு 0.5. மாற்றாது 30 என்றே கொடுப்பின் விடை −0.988 என வரும். பிழையென்று கணிப்பொறி எச்சரியாது.

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் அட்சக்கோட்டு வேறுபாடு ஏறத்தாழ 0.3 பாகை. அதனை ரேடியனாக்கி, புவியின் ஆரமாகிய 6,371 கிலோமீட்டரால் பெருக்கினால், அவ்விரண்டு ஊர்களின் வடதென் இடைவெளி 33 கிலோமீட்டர் எனப் பெறலாம். மாற்றாது பெருக்கினாலோ 1,911 கிலோமீட்டராகும். திண்டிவனம் தில்லிக்கும் அப்பால் சென்றுவிடும்! மாணவர்களே, எண்ணை அறிதல் மட்டும் போதாது. அதன் அலகையும் அறிதல் வேண்டும்.