வரைந்தவர் காணாத பிழை

கணினியின் திரை ஒளிர்ந்தவுடன் கண்ணில் படுகிற சின்னஞ்சிறு சித்திரங்களை, அவற்றை ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டுமென்ற நினைவே எழாமல், நாள்தோறும் எத்தனையோ முறை தொட்டுக் காரியம் பார்க்கிறோம். மடித்த காகிதம் ஒன்று, ஃபோல்டர் ஒன்று, குப்பைத் தொட்டி ஒன்று: ஐகான் என்று வழங்கும் இச்சித்திரங்களுக்கு மற்ற ஓவியங்களுக்கு இல்லாத ஒரு நிர்ப்பந்தம் உண்டு. சித்திரசாலையில் தொங்கும் படத்தின் முன் ரசிகர் வேண்டிய நேரம் நின்று யோசிக்கலாம். பொருள் விளங்காமல் திரும்பினாலும் படத்துக்கு அதனால் ஹானி இல்லை. ஐகானோ, வேறு வேலையில் சித்தத்தைச் செலுத்தியிருக்கும் ஒருவருக்கு, விளக்கிச் சொல்ல ஆளில்லாத இடத்தில், ஒரு க்ஷணத்துக்குள் தன் பொருளைத் தானே தெரிவித்தாக வேண்டும். அப்படித் தெரிவிக்கிறதா என்பதைச் சோதித்தறிய முடியாதவர் ஒருவர் உண்டென்றால் அவர் அதை வரைந்தவர்தாம். விடை அவருக்கு முன்பே தெரிந்துவிட்டதல்லவா? ஆகையால் இந்தக் கலை தோன்றிய நாள் முதலே பிறருடைய கண்களை நம்பி வளர்ந்து வந்திருக்கிறது.

ஐகான் என்ற கருத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் டேவிட் கான்ஃபீல்ட் ஸ்மித். 1975-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் அதை விவரித்தார். பின்னர் அவரும் பங்குகொண்டு உருவாக்கிய ஸ்டார் என்னும் அலுவலகக் கணினியை ஜெராக்ஸ் நிறுவனம் 1981-இல் வெளியிட்டது. மேசைமேல் கிடக்கும் காகிதங்களையும் தபால் தட்டுகளையும் திரையிலே சித்திரங்களாகப் பரப்பிக் காட்டிய அந்த இயந்திரத்துக்கு ஐகான்களை நிச்சயிக்க அங்கிருந்தோர் கையாண்ட முறை இன்றைக்கும் கற்கத் தக்கது. ஒரே பொருள்களுக்கு நான்கு தனித்தனித் தொகுதிகள் வரையப்பட்டன. பிறகு ஆட்களை அழைத்து, ஒவ்வொரு சித்திரத்தையும் காட்டி இது என்னவென்று கேட்டார்கள். பெயரைச் சொல்லி, அதற்குரிய சித்திரத்தைத் திரையில் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறதென்று அளந்தார்கள். எது பிடித்திருக்கிறது என்றும் விசாரித்தார்கள். நார்மன் காக்ஸ் என்னும் வடிவமைப்பாளருடைய தொகுதி தேர்வாயிற்று. பிடித்திருக்கிறதா என்ற கேள்வி அங்கே பல கேள்விகளுள் ஒன்றாக மட்டும் இருந்தது என்பதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இக்கலையின் வரலாற்றில் தனியிடம் பெற்றவர் சூசன் கேர் என்னும் அமெரிக்கப் பெண்மணி. நுண்கலையில் டாக்டர் பட்டம் பெற்று, சிற்ப வேலையில் ஈடுபட்டிருந்த அவரை, பள்ளிக்கால நண்பரான ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் கணினிக் குழுவுக்கு அழைத்தார். 1983-இன் தொடக்கத்தில் அவர் அங்கே சேர்ந்தார். கணினியில் வரைந்து பழக்கமில்லாத அவர் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து, ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளியாக நிரப்பிப் பார்த்தார். ஓர் ஐகானுக்குக் கிடைத்த இடம் பக்கத்துக்கு 32 புள்ளிகள், ஆக மொத்தம் 1,024; ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை, நடுவே சாம்பல் நிறம் என்பது கிடையாது. இத்தனை குறுகிய இடத்தில் சாய்ந்த கோடு ஒவ்வொன்றும் படிக்கட்டாகிவிடும், வளைவு மூலைகொள்ளும், முகத்தில் வாயின் ஓரத்துப் புள்ளியை ஒரு கட்டம் மேலே தள்ளினால் சிரிப்பு, கீழே தள்ளினால் சோகம். மொசைக் சித்திரங்களையும் ஊசித் தையல் வேலையையும் அறிந்திருந்த கேருக்கு இவ்வித நிர்ப்பந்தம் புதிதாகத் தோன்றவில்லை.

மாலை வேளைகளில் ஸ்டீவ் ஜாப்ஸ் கேருடைய இடத்துக்கு வந்து புதிதாக வரைந்தவற்றைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லிப் போவது வழக்கம்; குழுவிலிருந்த மற்றவர்களும் அப்படியே. மேக்பெயின்ட் என்னும் ஓவியச் செயலியில், ஓர் உருவத்தின் உட்புறம் முழுவதையும் ஒரே தடவையில் நிரப்பும் கருவிக்கு ஒரு சித்திரம் வேண்டியிருந்தது. சுவருக்கு வண்ணம் பூசும் உருளை முதலியவற்றைக் கேர் வரைந்து பார்த்தார். ஆனால் சாய்ந்த வாளியிலிருந்து வண்ணம் கொட்டுகிற சித்திரமே பார்ப்பவர்களுக்குச் சட்டென்று விளங்கிற்று. யோசித்தால் நியாயம் புலப்படும். உருளை என்பது கையால் இங்குமங்கும் இழுத்துப் பூசுகிற கருவி. அந்தக் கட்டளையின் தன்மையோ ஒரே இடத்தில் ஊற்ற, அது தானே பரவி எல்லைவரை நிறைவது. வாளி நாற்பது ஆண்டுகளாக எத்தனையோ நிறுவனங்களின் ஓவியச் செயலிகளில் அதே வேலைக்கு நிற்கிறது.

இன்னொரு சமயம் ஆட்சேபம் ஜாப்ஸிடமிருந்தே வந்தது. மெனுவில் ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்திலே கீபோர்டுக் குறுக்குவழியைக் காட்ட ஆப்பிள் சின்னத்தையே அச்சிட்டிருந்தார்கள். திரை முழுவதும் அது இறைந்து கிடப்பதைக் கண்ட அவர், நிறுவனத்தின் முத்திரையை இப்படி மலிவாக்கக் கூடாதென்று தடுத்துவிட்டார். குறையைச் சொன்னவர் மாற்று இன்னதென்று சொல்லவில்லை. அதைத் தேடும் பொறுப்பு கேரைச் சேர்ந்தது. சர்வதேசச் சின்னங்களின் அகராதி ஒன்றைப் புரட்டியபோது, நான்கு மூலைகளிலும் சுருள் வளையம் கொண்ட சதுரம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஸ்வீடன் நாட்டில் பார்க்கத் தகுந்த இடத்தைக் குறிக்க வழிப்பலகைகளில் பயன்படுத்தும் சின்னம் அது. குழுவினர் ஏற்றுக்கொண்டார்கள், ஆப்பிள் கீபோர்டுகளில் இன்றும் அது இருக்கிறது.

பிறர் கண்ணில் படாமல் தப்பிய சித்திரத்துக்கு என்ன நேரும் என்பதற்கும் அங்கேயே உதாரணம் உண்டு. இயந்திரம் முற்றிலும் நின்றுபோகும்போது தோன்றவேண்டிய ஒரு சித்திரத்தைக் கேட்ட பொறியாளர்கள், அதை எவரும் பார்க்கப் போவதில்லை என்று கேரிடம் உறுதி கூறினார்களாம். திரி பற்றியெரியும் வெடிகுண்டு ஒன்றை அவர் வரைந்தார். மெக்கின்டாஷ் 1984 ஜனவரியில் சந்தைக்கு வந்தபின் அது வீடுகளிலும் அலுவலகங்களிலும் தோன்றலாயிற்று. கணினி வெடித்துவிடுமோ என்று பயந்து கேட்டவர்களும் இருந்தார்கள். பழுதை நன்றாய் அறிந்தவர்களுக்குள்ளே அது வேடிக்கைச் சித்திரம். பழுதை அனுபவிப்பவருக்கு அது பயங்கரம்.

இங்கே அபிப்பிராயம் கேட்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வரைந்ததை நண்பரிடம் நீட்டி, நன்றாயிருக்கிறதா என்று கேட்பதுதான் நாம் எல்லோரும் செய்வது. தாட்சண்யம் உள்ளவர் நன்றாயிருக்கிறது என்பார். தாட்சண்யம் இல்லாதவர் தமக்குப் பிடித்த நிறத்தைச் சொல்வார். இரண்டினாலும் சித்திரத்துக்குப் பிரயோஜனமில்லை. பெயரை மறைத்து, இது என்ன, இதைத் தொட்டால் என்ன நடக்குமென்று எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, விளக்கம் சொல்லத் துடிக்கும் நாவை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். விடை சரியாக வந்தாலும், வருவதற்கு முன் கண் ஒரு கணம் தயங்கிற்றா என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் கிராமப்புறத்தில் கம்பத்தின்மேல் பக்கக் கொடியுடன் நிற்கும் தபால் பெட்டி, அந்நாட்டாருக்கு ஐயத்துக்கு இடமில்லாத உருவம். சிவப்பு உருளையைத் தபால் பெட்டியாகக் கண்டு வளர்ந்த நமக்கு அதனால் ஒன்றும் விளங்காது. உறை எங்கும் உறையாகவே இருப்பதால், மின்னஞ்சலுக்கு அதுவே நிலைத்தது. அபாய அறிவிப்புச் சின்னங்களுக்கென அமெரிக்காவில் வகுக்கப்பட்ட தரநிர்ணயம், சோதிக்கப்பட்டோரில் 85 சதவீதத்தினர் சரியான பொருளைச் சொல்ல வேண்டுமென்றும், நேர்மாறான பொருளைக் கொள்பவர் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாதென்றும் விதிக்கிறது. விளங்காமல் போவதையும் விபரீதமாக விளங்குவதையும் தனித்தனியே எண்ணியிருக்கும் அந்த விவேகத்தைக் கணினித் திரைக்கும் நான் வேண்டுகிறேன்.

ஆயினும் சொன்னவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டு வரைவது பெருந்தவறு. கடிதம் எழுதும் செயலிக்கு ஒருவர் பேனா சேர்க்கச் சொல்வார், மற்றொருவர் உலக உருண்டையை, இன்னொருவர் பறக்கும் உறையை. மூவரையும் திருப்திசெய்த சித்திரத்தைச் சிறிதாக்கினால் மிஞ்சுவது ஒரு வண்ணக் கறை. ஒருவர் சொன்ன பரிகாரத்தை ஒதுக்கி, அவரை அப்படிச் சொல்லத் தூண்டிய சங்கடம் எது என்று கண்டறிவதே வரைபவரின் கடமை. பேனா வேண்டுமென்றவருக்கு, அது படிப்பதற்கா எழுதுவதற்கா என்பது தெரியாமற் போயிருக்கலாம். பலர் பார்க்க வேண்டும், சங்கடத்தைப் பலர் சொல்ல வேண்டும். புள்ளியை எங்கே வைப்பதென்ற தீர்மானம் மட்டும் ஒரு கையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கையில் அடங்காத அளவுக்கு வேலை பெருகும்போது அந்தத் தீர்மானத்தை எழுத்தில் வகுத்துவைப்பதுண்டு. லினக்ஸ் முதலிய சுதந்திர மென்பொருள்களில் பலர் பல பாணியில் வரைந்த ஐகான்கள் ஒரே திரையில் ஒவ்வாமல் நின்ற நிலையை மாற்ற, 2005-இல் டாங்கோ என்னும் கூட்டு முயற்சி தொடங்கியது. எல்லோருக்கும் பொதுவான வண்ணங்கள், உருவத்தைச் சுற்றி அடர்ந்த மெல்லிய விளிம்பு, ஒளி விழும் திசை ஆகியவற்றை அது நிர்ணயித்தது. நெருங்கிப் பார்க்கும் சிறிய அளவுக்குச் சித்திரத்தைப் புதிதாகவே அமைக்க வேண்டும் என்பதும் அதன் கொள்கை. பெரிய படத்தைக் கணினியே சுருக்கினால், 16 புள்ளி அகலத்தில் மெல்லிய கோடுகள் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சிக்கி மங்கிவிடும். இவ்வாறு விதி வகுத்திருந்ததனால், ஒருவர் வரைந்ததை மற்றொருவர் திருத்தும்போது, எனக்கு இது பிடிக்கவில்லை என்ற சச்சரவுக்கு இடம் குறைந்து, விளிம்பு இங்கே கனத்துவிட்டது என்ற குறிப்பான பேச்சுக்கு இடம் உண்டாயிற்று.

வெளியிட்ட பின்னும் இந்த உரையாடல் நிற்பதில்லை. பழைய மெக்கின்டாஷில் ஃப்ளாப்பி டிஸ்க்கை வெளியே எடுப்பதற்கு, அதன் ஐகானை இழுத்துக் குப்பைத் தொட்டியில் போடுவது ஒரு குறுக்குவழி. செய்தவர்களுக்கு அது சௌகரியமாகத் தோன்றியிருக்கலாம். அதில் தம் எழுத்தையும் கணக்கையும் சேமித்து வைத்தவர்களோ, குப்பையில் போட்டால் அனைத்தும் அழிந்துபோகுமே என்று கை நடுங்கினார்கள். அந்தப் பயம் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தது. பிற்காலத்து மேக் ஓஎஸ் எக்ஸில், டிஸ்க்கின் ஐகானை இழுக்கத் தொடங்கியவுடன் குப்பைத் தொட்டியின் உருவம் மறைந்து, அந்த இடத்தில் வெளியேற்றுவதைக் குறிக்கும் முக்கோணமும் கோடும் தோன்றும்படி மாற்றினார்கள்.