பெட்டுக்குப் பணம் உண்டு, மாத்திரைக்கு?

கோவை அவிநாசி சாலையில் எத்தனை பெரிய ஆஸ்பத்திரிகள்! ஈரோடு, கரூர், பாலக்காடு என்று சுற்றுவட்டாரமே இதயத்துக்கும் கிட்னிக்கும் கோவைக்குத்தான் வண்டி ஏறுகிறது. பெருமைதான். ஆனால், ஆஞ்சியோவுக்கு வந்து படுத்திருப்பவரிடம் ‘பிரஷர் மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, இன்று முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமாகக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பெரும்பாலும் அட்மிஷன் போட்டால்தான் கைகொடுக்கும். மாதாமாதம் மருந்துக்கடையில் வாங்கும் அம்லோடிபினுக்கும் மெட்ஃபார்மினுக்கும் அதில் வழியில்லை.

வேறு வழி தமிழ்நாட்டுக்குத் தெரியாததா என்ன? 1994-ல் உருவான மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதிலுள்ள தொகைக்கு, தனக்கு வேண்டிய மருந்தை மாவட்டக் கிடங்கில் எடுத்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அந்த மாத்திரையை வீட்டுத் திண்ணைவரை கொண்டுவந்தது. 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது.

அதே மாவட்டத்துச் சூளகிரி வட்டாரத்தில் 2017-ல் ஒரு சோதனை நடந்தது. துணை சுகாதார நிலையங்களுக்குக் கூடுதல் செவிலியர், போதுமான மருந்து, பரிசோதனை வசதி, அவ்வளவுதான். சென்னை ஐ.ஐ.டி. குழு ஆராய்ந்தபோது, தனியாரிடம் போய்க்கொண்டிருந்தவர்கள் துணை நிலையத்துக்குத் திரும்பியிருந்தார்கள், கைச்செலவும் குறைந்திருந்தது. இதற்குக் கண்ணாடிக் கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால், கொங்கு மண்டலத்தில் சிக்கலே நேரம்தான். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் வெளியே வர இரவு எட்டரை, ஒன்பது ஆகிவிடும். ஆரம்ப சுகாதார நிலைய ஓ.பி. எப்போதோ முடிந்திருக்கும். 2023-ல் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலையிலும் இயங்குவது நல்ல ஏற்பாடு. ஆனால் அவையும் எட்டு மணிக்கு மூடிவிடும். அரை ஷிப்ட் கூலியை விட்டுவிட்டு யார் சுகர் பார்க்கப் போவார்கள்?

பணம்? 2025-க்குள் நாட்டின் உற்பத்தி மதிப்பில் 2.5 சதவீதத்தை அரசுகள் மருத்துவத்துக்குச் செலவிட வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்காவது ஆரம்ப சிகிச்சைக்குப் போக வேண்டும் என்றது 2017 தேசிய சுகாதாரக் கொள்கை. கெடு முடிந்தது, 2.5 சதவீதம் எட்டவில்லை. உள்ளாட்சிகள் வழியாக ஆரம்ப சிகிச்சைக்கென 15-வது நிதிக் குழு ஒதுக்கிய சுமார் 70,000 கோடியும் 2025-26 வரைக்குத்தான்.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர் புது ஆஸ்பத்திரி பற்றிச் சொல்லட்டும், கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, நம்மூர் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, இரவு எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேளுங்கள்.